பர்வீனின் ஸ்கேனும் நான் ஓதிய சூராவும்

என் கண்ணான மைமூனுக்கு,

இது என் கையெழுத்துதான், நம்பு. நீ மௌத்தாகிக் கண்மூடும்வரை கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த மனுஷன், இப்போது திண்டிவனத்தில் முதியோர் வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது.

ஒரு வேடிக்கை கேள். நீ பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது தண்ணீரில் குர்ஆனிலிருந்து ஒரு சூரா ஓதி ஊதித் தருவேனே, ஞாபகம் இருக்கிறதா? அரபியில் மனப்பாடம். பயம் தெளிவதற்கான சூரா என்று இரண்டு பேரும் நினைத்திருந்தோம். போன மாதம் குர்ஆனின் தமிழ் அர்த்தத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மனிதன் தான் எதிலிருந்து படைக்கப்பட்டான் என்று பார்க்கட்டும் என்கிறது அதில். இத்தனை வருஷமும் இதையா ஓதினேன்?

நம் பேத்தி பர்வீன் இப்போது நாலு மாதம் முழுகாமல் இருக்கிறாள். முதல் கரு தங்கவில்லை, உனக்குத் தெரியாது. அதனால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றார் விழுப்புரம் டாக்டரம்மா. வளவனூரில் அவள் மாமியார் ஜரினா ஒத்துக்கொள்ளவில்லை.

“வயித்துல கீறது இன்னான்னு அல்லாவுக்குத்தான் தெரியும்ணே. குர்ஆன்லயே கீது. மெஷின் வச்சிப் பாத்தா அப்புறம் நம்பிக்க இன்னாத்துக்கு?”

பர்வீன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் கையோடு கொண்டுபோன தமிழ்க் குர்ஆனைப் பிரித்து, விரல் வைத்து, அந்த வசனத்தைப் படித்தேன். அப்புறம் இன்னோர் இடம். துளி, ஒட்டிக்கொண்டிருப்பது, சதைப்பிண்டம், எலும்பு, அதன்மேல் போர்த்திய சதை என்று படிப்படியாகச் சொல்கிறது.

“பாருன்னு அவனே சொல்றான் தங்கச்சி. பாக்காதன்னு நாம எப்பிடிச் சொல்றது?”

“நீங்க படிச்சி முடிக்கிறதுக்குள்ள புள்ளயே பொறந்துடும்” என்றாள் ஜரினா. ஆனால் புர்கா மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு முதலில் கிளம்பியதும் அவள்தான்.

ஸ்கேன் அறை வாசலில், ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்று பலகை. படித்துக் காட்டினேன். “பாத்தீங்களா, அத மட்டும் சொல்ல மாட்டாங்களாம்! நான் சொன்னதும் சரிதான்” என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

திரையில் ஒரு சின்னத் தலை. முத்துக் கோத்தது போல் முதுகெலும்பு. “எலும்பு மொதல்ல, சதை அப்புறமாம்மா?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“ரெண்டும் கிட்டத்தட்ட சேர்ந்தே வளரும்யா.”

கொஞ்சம் யோசனையாகிவிட்டது மைமூன். வரிக்கு வரி பொருத்தம் பார்க்கிற படிப்பு எனக்கு இல்லை. வேதம் என்னைப் பார்க்கச் சொன்னது, அந்த அம்மா காட்டினார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அப்போது அவர் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். “அல்லா, மாவு மெஷினாட்டம் ஓடுதுண்ணே!” என்ற ஜரினா, பர்வீனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நம் பிள்ளைகளும் உன்னுள் இப்படித்தான் துடித்தார்களா? உனக்கு மட்டும் தெரிந்திருந்ததா? என்னிடம் ஏன் சொல்லவே இல்லை?

குழந்தை பிறந்ததும் அதன் காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்லும் வேலையை ஜரினா எனக்கே கொடுத்துவிட்டாள். சொல்வேன். அது வளர்ந்து மடியில் உட்கார்ந்து, “இதுக்கு இன்னா அர்த்தம்?” என்று கேட்கும்போது தமிழில் படித்துக் காட்டுவேன். அதற்குள் வேகமாகப் படிக்கப் பழகிவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

கொள்ளுப்பேரப் பிள்ளையின் முகம் பார்க்கக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்,
ஹனீபா