பதினோராவது பாட்டில் என் இருமல்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் முழங்கால் உட்படச் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசி நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் என்ன கடிதம் என்று முழிப்பாய். காரணம் இருக்கிறது, வருகிறேன், அதற்கு முன்னால் என் மானம் கப்பலேறிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நீ அனுப்பிய ஆல்பம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. அட்டை ஜோராக இருக்கிறது, கறுப்புக் கோட்டுக்காரர் ஒருத்தர் மைக்கோடு ரகசியம் பேசுவதுபோல் நிற்கிறார், பின்னால் இருபது பழைய ஹோட்டல் பாட்டுகளின் பெயர், அடியில் பொடி எழுத்தில் ஒலிச் சீரமைப்பு என்று உன் பெயர். பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை படித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், கை சும்மா இருந்தால்தானே, தூக்கிக்கொண்டு சலூனுக்குப் போய்விட்டேன், இந்தத் தெருவில் அங்கேதான் சி.டி. தட்டு போடுகிற பெட்டி இன்னும் ஒழுங்காக ஓடுகிறது. நாற்காலியில் நுரை பூசிய முகம் ஒன்று, பெஞ்சில் பேப்பரும் கையுமாக மூன்று பேர். பதினோராவது பாட்டு நான் வேலை பார்த்த ஹோட்டலில் பதிவானது, பதிவு செய்ததே நான்தான், பாட்டு தொடங்குமுன் ஓர் இருமல் கேட்கும், அது என் சொந்த இருமல், உலகம் பூரா விற்கப்போகிறது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். சலூன்காரர் கத்தியை அந்தரத்தில் நிறுத்திக் காத்திருந்தார். டிரம்பெட் வந்தது, எங்கள் பட்டுத்தொண்டை கொஞ்சிக் கொஞ்சிப் பாடினார் (அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வைத்ததும் நான்தான்), பாட்டும் முடிந்தது, இருமல் வரவே இல்லை. "என்னண்ணே, இருமலக் காணோம், மருந்து கிருந்து குடிச்சிட்டீங்களா?" என்றார் சலூன்காரர், அதற்கு நுரை முகம் சிரிக்கப்போய்க் கன்னத்தில் கீறல் வாங்கிக்கொண்டது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய. வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைத் தட்டிக்கொட்டி ஓடவைத்து, காதை அதன்மேலேயே ஒட்டிக்கொண்டு கேட்டேன். என் இருமல் மட்டுமில்லை, இருமலுக்குப் பின்னால் இருந்ததும் போயிருந்தது.

மறுநாள் நீ போன் பண்ணி எப்படி இருக்கு என்று கேட்டாய், கண்ணாடி மாதிரி இருக்குடா என்றேன், அது பொய்யில்லை. நீ உற்சாகமாகிவிட்டாய். "அந்தப் பதினொண்ணுதாம்பா உயிர எடுத்துச்சு, எவனோ இருமுறான், ஒரு பொம்பள கெக்கெக்கேன்னு சிரிக்குது, மூணு வாரம் உக்காந்து குப்பைய அள்ளினேன்" என்றாய். இருமினவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "அது சரி, பியானோ ஒரு பக்கம், மைக் ஒரு பக்கம், உங்கள யாருப்பா வேலைக்கு வச்சது?" என்று கேட்டுச் சிரித்தாய். சிரித்தது யார் என்றும் கேட்டாய். யாரோ, வாசலில் கோட்டும் குடையும் வாங்கி வைக்கிற பொண்ணு என்றேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் உனக்கு அனுப்பியிருந்த அந்தப் பழைய டேப்பைத் திருப்பி அனுப்ப முடியுமா என்றதற்கு, பூஞ்சை பிடித்து ஒரு தடவை ஓடியதிலேயே உதிர்ந்துவிட்டது, தூக்கிப் போட்டாயிற்று என்றாய். கழித்த சத்தமெல்லாம் எங்கே போகும் என்றேன், அது தனியாக ஒரு ஃபைலில் கிடக்கும், மாசக் கடைசியில் அழித்துவிடுவோம் என்றாய். சரிடா என்றேன். சரி என்று சொல்வதில் என்னை அடிக்க ஆள் கிடையாது, பள்ளிக்கூடத்தில் அதற்கு மட்டும் மார்க் போட்டிருந்தால் எட்டாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டேன்.

அந்தப் பொண்ணு உன்னைப் பெற்றவள்டா. கல்யாணமாகி மூன்று மாதம், இரண்டு பேருக்கும் அதே ஹோட்டலில் வேலை, நான் உள்ளே ஒயரோடு, அவள் வாசல் கவுண்டரில் கோட்டுகளோடு. பட்டுத்தொண்டையைப் பதிவு செய்யச் சொல்லி மேனேஜர் இரண்டு மைக் கொடுத்தார், ஒன்று பாட்டுக்கு, ஒன்று பியானோவுக்கு. பியானோ மைக்கை நான் கவுண்டர் பக்கம் திருப்பிவைத்தேன். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றுதான். எல்லாம் தயார் என்றால் நான் இருமுவேன், அவள் நிமிர்ந்து பார்ப்பாள், அது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு. அன்றைக்கு இருமிக்கொண்டே பின்னால் போய் ஒயர் தடுக்கி டிரம்ஸ்காரர் மடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சிரித்தாள். அவள் சிரிப்பு குளிரில் நின்ற ஸ்கூட்டர் மாதிரி, இரண்டு உதைக்குத் திணறும், மூன்றாவதில் பிடித்துக்கொண்டு ஓடும். பியானோ சரியாகக் கேட்கவில்லை என்று மேனேஜர் கிழிகிழியென்று கிழித்தார், வாங்கிக்கொண்டேன். அதற்கடுத்த வருஷம் நீ பிறந்தாய், உனக்குப் பதினோரு மாதம் ஆகும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அவள் அக்கா, உன் பெரியம்மா வீட்டில் இருக்கும் போட்டோவை நீ பார்த்திருப்பாய், அதில் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பாள். அவள் சத்தம் இருந்தது அந்த டேப் ஒன்றில்தான்.

குப்பை என்ற சொல் நாலு நாளாகக் காதை விட்டுப் போகவில்லை. உன்மேல் கோபப்படலாம் என்று பார்க்கிறேன், லீவில் வருகிறேன் வருகிறேன் என்று இரண்டு தடவை டிக்கெட்டை ரத்து செய்தவன் நீ, வரும்போது பக்கத்தில் உட்காரவைத்து இதோ கேள்டா என்று காட்டக் காத்திருந்தவன் நான். ஆனால் டேப்பை உன்னிடம் அனுப்பினபோது டப்பாமேல் பாட்டுக்காரர் பேரை எழுதின பேனா என்னுடையது, அதில் இன்னொரு வரிக்கு மை இல்லாமல் போகவில்லை. பத்து வயதில், பெற்றவள் வேறு என்று பெரியம்மா சொல்லக் கேட்டு வந்து, நெஜமாப்பா என்று நீ கேட்டாய், ஆமா, கை கழுவிட்டு வந்து சாப்பிடு என்றேன். அவளைப் பற்றி நான் உன்னிடம் பேசின பேச்சு மொத்தமும் அவ்வளவுதான். அம்மா இந்த வீட்டுக்கு வந்தபோது பழைய பேச்சு வேண்டாம் என்று ஒன்றே ஒன்று கேட்டாள், உன்னைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள், அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நான்தான் அந்த ஒரு வார்த்தையைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாக இருந்துவிட்டேன். போனை எடுத்தால் சரிடாதான் வருகிறது, மெசேஜ் என்றால் அம்மாதான் அடித்துத் தரவேண்டும், அதனால்தான் கடிதம்.

இன்று பதினெட்டு, கூரியர் ஆறு நாள் என்கிறார்கள். கைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கழிவு ஃபைலை எடுத்து வை, எனக்கு அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, நீ கேள், பேத்திக்கும் போட்டுக் காட்டு. மற்றபடி தங்கச்சி வேலை மாறிவிட்டாள், இரண்டு பஸ் மாற வேண்டியிருப்பதால் காலையில் வீடு போர்க்களம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று உன்னை மாதிரியே சொல்கிறார். நாள் பூரா காதில் அந்த மூடியை மாட்டிக்கொண்டு இருக்காதே, காது போனால் வராது. மருமகளும் குழந்தையும் நோய்நொடி அண்டாமல், நீ கைத்தொழிலில் பேர் வாங்கி, நல்லா இருங்கள். முப்பதாம் தேதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
மைக்கைத் தப்பான இடத்தில் வைத்த
அப்பா

போனில், உங்கள யாருப்பா வேலைக்கு வச்சது என்று கேட்டுச் சிரித்தாயே, இரண்டு தடவை திணறிவிட்டு, மூன்றாவதில் பிடித்துக்கொண்டு ஓடியது. சரிடா, வைக்கிறேன் என்றேன். வாய்வரை வந்தது வேறு: இன்னொரு தடவை சிரிடா.