பூஜையில் வைத்த படகு

கரமனை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜானவிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பா சௌக்கியம், நான் சௌக்கியம், முழங்கால் தவிர மற்றபடி லலிதாம்பாள் அத்தையும் சௌக்கியம், படகும் சௌக்கியம். ப்ளோரிடாவில் புயல் சீசன் இன்னும் முடியவில்லை என்று பேப்பரில் பார்த்தேன், நீயும் உன் அறையும் நனையாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். நவமியன்று உன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, ஜூன் மாதம் அப்பா அனுப்பிய படங்களைத் தேடித் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, ஏன் எதற்கு என்று சொல்லாமல் போனை வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு நீ கேட்டபோதெல்லாம் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு காற்றின் வேகத்தைப் பற்றி மட்டும் பேசினார். எதிர்வீட்டு மாளவிகா புதன்கிழமை அங்கே திரும்புகிறாள். சாம்பார் பொடியோடும் நார்த்தங்காயோடும் இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுக்கிறேன். போனில் என்னால் இதை வரிசையாகச் சொல்ல முடியாது, அப்பா நடுநடுவே திருத்துவார்.

மே மாதம் ஓய்வு பெற்ற மறுவாரமே அப்பா நேசையனோடு சேர்ந்து பாதிக்குப் பாதி படகு வாங்கியது உனக்குத் தெரியும். நேசையன் கொல்லங்கோட்டுக் கடற்கரைக்காரர், ஒக்கிப் புயலில் வள்ளத்தை இழந்தபின் அப்பாவின் ஆபீசில் ஒப்பந்த டிரைவராக இருந்தவர். இத்தனை வருஷம் ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து கடல் கதை கேட்டதன் பலன், சங்குமுகம் கடற்கரையில் கூட முழங்காலுக்கு மேல் இறங்காத உன் அப்பா படகு முதலாளி ஆனார். பூவாறில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவது என்று திட்டம். நேசையன் இதை நம்பி டிரைவர் வேலையை விட்டுவிட்டார். நான் போட்டது ஒரே நிபந்தனை, காப்பீடு எடுக்காமல் அந்தப் படகில் ஒரு பயணி கூட ஏறக்கூடாது என்று. அப்பாவுக்கு அது கோபம், நேசையனுக்குக் கோபமில்லை. நம்ம வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, டீச்சர் சொல்லுகது சரிதான் சாரே, ஒரு தடவ கடல் எடுத்தப்போ எழும்பிட்டேன், இன்னொரு தடவ எடுத்துதுன்னா நான் எழும்ப மாட்டேன் பாத்துக்கிடுங்க என்றார்.

ஆனால் காப்பீடு கொடுப்பதற்கு ஆள் வேண்டுமே. உனக்கு அறை வாடகைக்கு விட்டவர் தன் படகுக்குக் காப்பீடு கிடைக்காமல் அதை விற்றே விட்டார் என்று நீ சொன்னபோது, அமெரிக்காவிலேயே கிடைக்கவில்லை என்றால் பூவாறில் கிடைக்குமா என்று நான் கேட்டேன். அங்கே இருப்பது பணக்காரன் படகு, இங்கே இருப்பது பிழைக்கிறவன் படகு, கண்டிப்பாகத் தருவார்கள் என்றார் அப்பா. அந்த வாதம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. முதலில் போன கம்பெனி, அரபிக்கடலில் இப்போதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் புயல் வருகிறது, சின்னப் படகுகளை நாங்கள் தொடுவதில்லை என்று வாசலோடு அனுப்பிவிட்டது. இரண்டாவது கம்பெனி, படகின் விலையில் ஆறில் ஒரு பங்கை வருஷப் பிரீமியமாகக் கேட்டது. ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் படகு முழுகியே தீரும் என்று கணக்கிட்டிருந்தால்தான் அது நியாயம், எந்தப் புள்ளிவிவரத்தை வைத்து அப்படிக் கணக்கிட்டீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டேன், பதில் இல்லை. மூன்றாவது இடத்தில் இருந்த இளைஞன் மரியாதையானவன், காப்பி கூட வாங்கிக் கொடுத்தான். ஆற்றில் ஓடும் படகுக்கு ஒரு கட்டணம், கடலில் ஓடும் படகுக்கு வேறு கட்டணம், உங்களுடையது எது என்று கேட்டான். பூவாறில் ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஒரு மணல்திட்டு உண்டே, பொழி என்பார்கள், அது மூடியிருந்தால் ஆறு, மழையில் உடைந்தால் கடல் என்றார் நேசையன். அவன் யோசித்துவிட்டு, சரி, இப்போது என்ன நிலவரம் என்று கேட்டான். காலையில மூடித்தான் இருந்துது, இப்பம் எனக்கு எப்படித் தெரியும், நான் உங்க கூட இருந்து காப்பில்லா குடிக்கேன் என்றார் நேசையன். விண்ணப்பம் அத்தோடு நின்றது. ஓணம் போனது, சீசன் வந்துகொண்டிருந்தது, படகு தென்னையில் கட்டியபடியே கிடந்தது. சோதனை ஓட்டம் என்று ஒருநாள் போய் அப்பா தன் போனை ஆற்றுக்குள் போட்டதுதான் அதுவரை நடந்த ஒரே போக்குவரத்து. போனுக்கும் காப்பீடு இல்லை.

கடைசியில் வழி காட்டியது திவ்யலட்சுமி. என்னிடம் புள்ளியியல் படித்தவள், பின்வரிசையில் தூங்குவாள், இப்போது காப்பீட்டு முகவராக நன்றாகச் சம்பாதிக்கிறாள். பூவாறில் பத்துப் படகுக்காரர்களைச் சேர்த்து ஒரே பாலிசியாக எடுக்கிறாள், நம்முடையது பதினொன்றாவது. தனித்தனியாகக் கேட்டால் துரத்துகிற கம்பெனி கூட்டமாகப் போனால் நாற்காலி போடுகிறது. அத்தனை படகும் ஒரே நாளில் முழுகாது என்ற நம்பிக்கை. ஒரே புயலில் முழுகலாமே என்று நான் கேட்டேன், டீச்சரே, தயவுசெய்து இதை எங்க மேனேஜர்கிட்ட மட்டும் கேக்கண்டா என்று கும்பிட்டாள். கட்டணம் நமக்குக் கட்டுப்படியாவது. நிபந்தனை இரண்டு. ஜூன், ஜூலை மழைக்காலத்தில் படகைக் கரையேற்றி வைக்க வேண்டும். அடுத்தது, கடலுக்குப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் அதற்குப் பிறகு புதிய படகு எதையும் சேர்க்கமாட்டார்கள். இரண்டும் நியாயமே, தீப்பிடித்த வீட்டுக்கு யார் பாலிசி தருவார்கள். சர்வேயர் வந்து பார்ப்பதுதான் பாக்கி, பூஜை விடுமுறை முடிந்து வருவார் என்று இருந்தோம்.

இந்த இடத்தில் உன் அப்பா ஒரு காரியம் செய்தார். அஷ்டமி சாயங்காலம் அத்தை வீட்டில் பூஜைக்குப் புத்தகம் வைத்தபோது, இதுதானே இப்போது என் தொழில் என்று படகின் பதிவுச் சான்று, எஞ்சின் ரசீது, உரிமம், சாவி எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் அடுக்கிவிட்டு வந்தார். நவமி காலையில் திவ்யலட்சுமி போன் செய்கிறாள். கடலில் தாழ்வு மண்டலம் வலுக்கிறது, சாயங்காலத்துக்குள் எச்சரிக்கை வரும் போலிருக்கிறது, சர்வேயரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பூவாறுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், காகிதங்களை உடனே அனுப்புங்கள், இன்னிக்குக் கழிஞ்சா பின்னே ஒண்ணும் நடக்காது, கேட்டோ என்று. அப்பா அத்தை வீட்டுக்கு ஓடினார். அத்தையைத்தான் உனக்குத் தெரியுமே. ஏண்டா சீனு, இத்தனை மாசமா தராத கம்பெனி, சரஸ்வதி உட்கார்ந்திருக்கற அன்னிக்குப் பாத்துத்தான் தரணுமா, நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை ஆகாம ஒரு கடுதாசி அசையப்படாது, புயல்கிட்ட வேணா ஒரு நாள் தள்ளி வரச் சொல்லு என்றாள். அப்பாவுக்கும் எடுக்கத் துணிவில்லை. அப்புறம் நான் போனேன். நானும் வெறுங்கையோடுதான் வந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். காரோடு வந்துவிட்ட திவ்யலட்சுமியும் நாங்களுமாக வாசலில் நின்று மூவரும் முழித்தபோதுதான், படகு வாங்கிய அன்று பெருமைக்காக அப்பா எல்லாக் காகிதத்தையும் படமெடுத்து உனக்கு அனுப்பியது நினைவுக்கு வந்தது. அவர் போன் ஆற்றில், உன் போன் தலைமாட்டில். எதையும் அழிக்காத உன் சோம்பலை இத்தனை நாள் திட்டியிருக்கிறேன், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

திவ்யலட்சுமியின் காரில் பூவாறுக்குப் போனோம். சர்வேயர் கிருஷ்ணகுமார் எங்களுக்கு முன்னால் வந்து கையை வீசிக்கொண்டு நின்றார். பேனா இல்லை, அளவு நாடா இல்லை, லேப்டாப் இல்லை. எல்லாவற்றையும் அவர் அம்மா பூஜைக்கு வைத்துவிட்டாராம், கேட்டதற்கு அடிக்க வந்தாராம். நேசையன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். சாவியுமில்லை, டேப்புமில்லை, நல்ல ஆளுகளாட்டுதான் கூட்டிட்டு வந்திருக்கியோ சாரே, எஞ்சினுக்குக் கயிறு இருக்கு, இழுத்தா ஓடும், மத்ததுக்கு எங்க வீட்டுக்காரி இருக்கா என்றார். அவர் மனைவி ஜெபமலர் தையல் வேலை செய்பவள், தன் டேப்பைக் கொண்டுவந்து படகை ஜாக்கெட்டுக்கு அளப்பது போல அளந்து அளவுகளைச் சொன்னாள், கிருஷ்ணகுமார் போனில் தட்டிக்கொண்டார். பூஜை எடுக்கும்வரை எழுதக்கூடாதே, தட்டுவது எழுத்தில் சேராதா என்று கேட்டேன். சேராது என்று அவரும் அப்பாவும் திவ்யலட்சுமியும் ஒரே குரலில் சொன்னார்கள். போனை மட்டும் யாரும் பூஜைக்கு வைப்பதில்லை என்பதைக் கவனித்தாயா. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது எழுத்துத்தான் என்பதால் அதைப் பூஜை வைக்காத நேசையன் போட்டார், பங்குதாரர் கையெழுத்துச் செல்லும்.

எல்லாம் அனுப்பி முடித்துக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும்போது தலைமை அலுவலகத்திலிருந்து போன். ஒரு படகுக்குத்தானே விண்ணப்பம், ஏன் இரண்டு படகின் படம் அனுப்பியிருக்கிறீர்கள், இரண்டாவதன் பதிவுச் சான்று எங்கே என்று. பெயர் வைப்பதில் அப்பாவும் நேசையனும் சமரசம் செய்துகொண்டதை உன்னிடம் சொல்லவில்லை. இடப்பக்கம் ஜானவி, வலப்பக்கம் சகாயமாதா. வானம் கறுத்துக்கொண்டு வந்தது, திவ்யலட்சுமி மலையாளத்தில் அப்பாவை என்னவோ சொன்னாள், மாணவி என்பதால் எனக்குக் காதில் விழவில்லை. ஜெபமலர்தான், நேரே முன்னால நின்னு எடுத்தா ரெண்டு பேரும் தெரியும்லா என்று புடவையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படமெடுத்தாள். அதில் கூர்முனைக்கு இந்தப் பக்கம் உன் பெயரும் அந்தப் பக்கம் மாதாவின் பெயரும் சாய்வாக, நடுவில் சலாம் போடும் உன் அப்பாவோடு, தெளிவாக விழுந்திருந்தன. மழைக்கு ஒதுங்கி நேசையன் வீட்டில் பாலில்லாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது பாலிசி வந்தது. சாயா ஆறுவதற்குள் எச்சரிக்கையும் வந்தது. ஜெபமலர் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள், மழைத்தண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன். நேசையன் மழையில் இறங்கிப் போய்ப் படகை ஆற்றின் மேல்பக்கம் இழுத்துக் கட்டினார். பாலிசி இருந்தாலும் கயிறு வேணும்லா என்றார்.

புயல் நம்மைச் சீண்டாமல் மேற்கே போய்விட்டது. இரண்டு நாள் மழை, பொழி உடைந்தது, படகின் மேல் ஒரு தேங்காய் விழுந்து கூரைத்துணி கிழிந்தது, ஜெபமலர் தைத்துவிட்டாள். தேங்காய்க்குக் கிளெய்ம் உண்டா என்று அப்பா கேட்டார், திவ்யலட்சுமி போனை வைத்தபிறகும் சிரித்துக்கொண்டிருந்திருப்பாள். இத்தனை பாடுபட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று அப்பாவுக்கு உள்ளூரச் சிறிய ஏமாற்றம். முதல் சவாரி நேற்றுப் போனார்கள், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்து அவர்களுக்குக் காப்பீட்டின் அவசியத்தைப் பற்றி விளக்கினாராம். அடுத்த தடவை சாரு கரையில நிக்கட்டும் டீச்சரே என்று நேசையன் தனியாக என்னிடம் சொன்னார்.

இப்போது நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். இதிலெல்லாம் நம்பிக்கையில்லாத நான் ஏன் பேசாமல் அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வரவில்லை என்று. எடுக்கத்தான் போனேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அத்தை எழுந்து வருவதற்குள் முடிந்திருக்கும். படகின் காகிதங்கள் அடியில் இருந்தன. அவற்றின் மேலே, சந்தனமும் குங்குமமும் வைத்து, நீ அனுப்பிய உன் ஆய்வேடு. அப்பா ஜங்ஷன் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டு எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார். அதை நகர்த்தாமல் கீழே இருப்பதை எடுக்க முடியாது. அடுத்த மாதம் உனக்கு வாய்மொழித் தேர்வு. நகர்த்தினால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும், வகுப்பில் பாடமே நடத்துகிறேன். கை போகவில்லை, அவ்வளவுதான். இதை அத்தையிடம் சொல்லாதே, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஜன்னல் ஓரத்தில் லேப்டாப்பை வைக்காதே. டார்ச், குடிதண்ணீர், பாஸ்போர்ட் மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். வாடகை அறையின் சாமான்களுக்கு அங்கே சொற்பத் தொகைக்குக் காப்பீடு உண்டாமே, இத்தனை கூத்துக்குப் பிறகு நம் வீட்டில் நீ ஒருத்திதான் அது இல்லாமல் இருக்கிறாய், இந்த வாரமே எடு. எல்லாத் தெய்வங்களும், இரண்டு பக்கத்துத் தெய்வங்களும், உன்னோடு இருக்கட்டும் என்று அப்பா எழுதச் சொல்கிறார். நான் என் பங்குக்கு நீ நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, எடுத்த காரியத்தை நல்லபடியாக முடி என்று ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். விஜயதசமி காலையில் அத்தை கட்டைப் பிரித்து, நல்ல நாளில் ஆளுக்கு நாலு வரி படியுங்கள் என்றபோது உன் ஆய்வேடு என் கைக்கு வந்தது. நான் மூன்று அத்தியாயம் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். இரண்டாம் அத்தியாயம் நான்காவது அட்டவணையில் சதவீதங்களைக் கூட்டினால் நூற்றிரண்டு வருகிறது. சரஸ்வதி மூன்று நாள் பார்த்தும் விட்டுவிட்டாள், தேர்வாளர்கள் விடமாட்டார்கள், திருத்திக்கொள்.

உன் அம்மா,
ஸ்ரீலக்ஷ்மி