ஒரு லிட்டர் கோடு

வெள்ளிக்கிழமை, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு வரி எழுதினால் உன் கை ஒன்றும் தேய்ந்துவிடாது. போன தடவை இங்கிருந்து கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாயே, "புள்ளைங்கள வீட்டுலயே வச்சுக்கிட்டு நீ பண்றது படிப்பா, பொம்மை விளையாட்டா?" என்று. இருபது வருடமாகக் கணக்கு டீச்சராக இருப்பவள் அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? அன்றைக்குக் கோபத்தில் வார்த்தை வரவில்லை. இப்போது வந்துவிட்டது. உட்கார்ந்து படி.

என் வீட்டுக்காரர் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர பத்து நாள். மற்ற நாளெல்லாம் இந்த வீட்டில் நான், மாமனார், பிள்ளைகள் மூன்று பேர். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைப்பதற்காக நான் தையல் கம்பெனி வேலையை விட்டதிலிருந்து ஒரே சம்பளம்தான். ஆனாலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை, கிழிசலும் உடுத்தவில்லை. இந்த வீட்டில் ஒரு சோப்புத் துண்டுகூட அநாதையாகச் சாவதில்லை. எல்லாத் துண்டையும் சேர்த்து உருக்கினால் ஒரு புது சோப்பு. பழைய படுக்கை விரிப்பு தலையணை உறையாகும், உறை கிழிந்தால் கரித்துணியாகும். அந்த உறையை வெட்டித்தான் பெரியவன் செவ்வகத்தின் பரப்பளவு படித்தான். துணியை வீணாக்கினால் அடுத்த உறைக்குத் துணி கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஒரு தப்பு இல்லாமல் வெட்டினான். உன் பள்ளிக்கூடத்தில் இப்படிக் கற்றுக்கொடுப்பார்களா, சொல்லு பார்ப்போம்.

நடுக்குட்டி எப்படி இருக்கிறாள் என்றுதான் நீ முதலில் கேட்பாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். வகுப்பில் நிற்கவைத்து எண்ணச் சொன்னார்கள். நாற்பதுக்கு அப்புறம் அறுபது என்று சொல்லிவிட்டாள். மொத்த வகுப்பும் சிரித்தது. மறுநாளும் எண்ணச் சொன்னார்கள், மறுநாளும் சிரித்தார்கள். அப்புறம் கடைசி பெஞ்சில் போட்டுவிட்டார்கள். முதலில் எண்ணுவதை நிறுத்தினாள், பிறகு பேசுவதையே நிறுத்தினாள். வீட்டுக்கு வந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். அதனால்தான் அக்கா அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். அவளை நிறுத்தியபின் மற்ற இரண்டும் வீட்டிலேயே படிக்கட்டும் என்று ஆயிற்று.

இப்போது அவளைப் பார்த்தால் நீயே அசந்துபோவாய். சமையலறையில் இருக்கும் அளவு ஜக்கை அவள் கையில் கொடுத்தேன். எடுத்தவள் கீழே வைக்கவில்லை. வாளி எத்தனை லிட்டர், கெட்டில் எத்தனை, பூச்சட்டி எத்தனை என்று வீடு முழுக்க அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். நாற்பத்து மூன்று பாத்திரம். அவள் அப்பாவின் பூட்ஸைக்கூட விடவில்லை. ஒரு பூட்ஸ் இரண்டு லிட்டராம். அன்றைக்கு அவர் சளக்கு சளக்கு என்று வேலைக்குப் போனார். மாமனார் அவளுக்கு 'சர்வேயர்' என்று பெயர் வைத்துவிட்டார். வாயைத் திறந்தால் மூடுவதில்லை.

உன்னோடு இருக்கட்டும், ஒரு ரகசியம் சொல்கிறேன். அந்த ஜக்கில் கம்பெனிக்காரன் போட்ட கோடெல்லாம் தேய்த்துத் தேய்த்து எப்போதோ அழிந்துவிட்டது. சிவப்பு நெயில் பாலிஷில் நானேதான் புதுக்கோடு போட்டேன். கால், அரை, முக்கால், ஒன்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டேன். ஊருக்கெல்லாம் ஒரு லிட்டர் என்றால் என் வீட்டில் தொள்ளாயிரம் மில்லி. பாலும் மாவும் எண்ணெயும் பத்தில் ஒரு பங்கு மிச்சம், யாருக்கும் தெரியாது. மாமனார் மட்டும், "என்னம்மா, டீ வரவர குறையுது" என்பார். "வயசானா தாகம் கூடும் மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வேன். இதில் யார் குடி கெட்டுவிட்டது?

வரும் புதன்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை பரீட்சை. ஒரு பாடத்தில் தேறாவிட்டாலும் அந்தப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும். வரட்டும். பார்த்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஒரு பயமும் இல்லை. பரீட்சை முடிந்ததும் மதிப்பெண்ணை உனக்கு அனுப்பி வைக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு வாசி.

உன் உருட்டல் மிரட்டலுக்கெல்லாம் அசராத,
தங்கை.


திங்கட்கிழமை, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்குள் அடுத்த கடிதமா என்று பார்க்காதே. நீ சுகமாய் இருக்க வேண்டும். முழுக்கப் படித்து முடிக்கும்வரை அத்தானிடம் வாசித்துக் காட்டாதே. முடித்தபிறகு உன் இஷ்டம்.

புதன்கிழமை ஆய்வாளர் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடும் மனிதர். தங்கமானவர். பெரியவனை ஒரு மணி நேரம் உலுக்கி எடுத்தார், எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். சின்னதுக்கு இன்னும் வயதாகவில்லை, மேஜைக்கடியில் உட்கார்ந்து அவர் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து நடுக்குட்டி. அளவில் கெட்டிக்காரி என்று மாமனார் பெருமையடித்திருந்தார். அதனால் கணக்குப் பரீட்சையைச் செய்முறையாகவே வைத்தார். பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார், மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார், "இதுல எவ்வளவு இருக்கு, அளந்து சொல்லு பாப்பா" என்றார். எனக்கு அப்போதுதான் அந்தச் சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. அந்த ஜக்கால் அவள் அளப்பதெல்லாம் தப்பாகத்தான் வரும் என்று இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை, அக்கா. மிச்சம் பிடிக்கிற மூளைக்கு அது எட்டவில்லை.

அவள் ஜக்கில் ஒரு லிட்டர் கோடுவரை ஊற்றினாள். மீதித் தண்ணீரை இருமல் மருந்தின் மூடியால் அளந்தாள். பத்து மில்லி என்று அச்சடித்த மூடி. சரியாகப் பத்து மூடி வந்தது. நிமிர்ந்து நின்று, "ஒரு லிட்டர் நூறு மில்லி சார்" என்றாள். அவர் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். இன்னொரு தடவையும் அதேதான். கிழித்த தாளை அவளிடம் காட்டினார். ஒரு லிட்டர் என்று போட்டிருந்தது.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை என்ன சொன்னாள் தெரியுமா? "அப்போ உங்க பாட்டில்தான் தப்பு சார். எங்கம்மா போட்ட கோடு தப்பா இருக்காது."

நான் கத்தியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாமனார் எதிரே உட்கார்ந்திருக்கிறார், பெரியவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், யாரோ ஒரு அதிகாரி. வெட்கம் நாக்கைக் கட்டிவிட்டது. அடுத்து வாளி, அடுத்து கெட்டில், எல்லாமே அந்த ஜக்கால் அளந்தது, எல்லாமே தப்பு. "பொண்ணு தைரியமா பேசுறா. ஆனா அளவு தெரியலையேம்மா" என்று வருத்தப்பட்டுக்கொண்டே கணக்கில் தேர்ச்சி இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கிறது. அதே பள்ளி, அதே கடைசி பெஞ்ச்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு இரண்டு வருடம் ஓடியது, பிள்ளையின் தலையில் வந்து விடிந்தது.

மறுநாள் காலை நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், அவள் தரையில் உட்கார்ந்து அந்த மருந்து மூடியால் ஜக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆய்வாளரின் பாட்டில்தான் தப்பு என்று நிரூபிக்கப் போகிறாளாம். நூறு மூடி ஊற்றினால் ஒரு லிட்டர் கோட்டைத் தொட வேண்டும். தொண்ணூறிலேயே தொட்டுவிட்டது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி எண்ணினாள். தொண்ணூறு. மூன்றாவது தடவை ஒவ்வொரு மூடிக்கும் விரலை மடக்கிக்கொண்டே எண்ணினாள். தொண்ணூறு. என்னை அண்ணாந்து பார்த்து, "எனக்கு எண்ணவே வரலம்மா. ஸ்கூல்ல சொன்னது சரிதான்" என்றாள்.

அக்கா, என்னை யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை. அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ எண்ணியது சரி, அம்மா போட்ட கோடுதான் தப்பு, தெரிந்தே போட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அரை லிட்டரும் அப்படித்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். "காலும்?" என்றாள். எல்லாமே என்றேன். "நேத்து அவர்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றாள்.

நான் செய்த ஒரே நல்ல காரியம், அன்றைக்கே ஜக்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனதுதான். வரிசையில் பத்துப் பேர் பார்க்க, மேஜைமேல் ஜக்கை வைத்து நடந்ததைச் சொன்னேன். ஆய்வாளர் தானே தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். "உங்க கோட்டுக்கு உங்க பொண்ணு சொன்னது ஒரு மில்லி பிசகலம்மா" என்றார். பின்னால் நின்ற ஒரு அம்மாள், எவ்வளவு கீழே இறக்கிப் போட்டால் தெரியாது என்று என் காதில் மெல்லக் கேட்டாள். இந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அவர் அலுவலகத்தில் மறுபரீட்சை. சரியான அளவுப் பாத்திரத்தோடு வரச் சொல்லியிருக்கிறார். இதிலும் தவறினால் பள்ளிதான்.

தேறிவிடுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நீ வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள். நான் வீடு திரும்பியபோது நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் எல்லாவற்றையும் பத்தால் வகுத்து ஒன்பதால் பெருக்க வேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, பெரியவனும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாற்பத்து மூன்று பாத்திரத்துக்கும் பழைய அளவை அடித்துப் புது அளவு எழுதி முடித்துவிட்டாள். முதலில் திருத்தியது தாத்தாவின் டீ டம்ளர். மாமனார் தேர்தலில் ஜெயித்தவர்போலத் தெருவெல்லாம் நடக்கிறார், இரண்டு வருட பாக்கி டீயைக் கேட்கிறார். கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இப்போது நான் எதைச் சொன்னாலும் அவள் சரிபார்க்கிறாள். நேற்று சுவர்க் கடிகாரத்தை ரேடியோவோடு ஒத்துப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் அதிகம் காட்டுகிறது என்றாள். அதுவும் என் வேலைதான், எல்லோரும் நேரத்தோடு கிளம்பட்டும் என்று நகர்த்தி வைத்தது. ஒத்துக்கொண்டேன். தலையை ஆட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். சனிக்கிழமை கடைக்குப் போய்ப் புது ஜக் ஒன்று வாங்கி வந்தேன், அச்சடித்த கோடு போட்டது. நூறு மூடி எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். அப்புறம் அலமாரியில் வைத்துவிட்டு, "இது இருக்கட்டும்மா. பெரியம்மாகிட்ட ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

கணக்குப் படிக்கிற பிள்ளை சரிபார்க்கத்தான் வேண்டும், எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு வலிக்கிறது, அக்கா. அதையும் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அதனால் கேட்கிறேன். உன் பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கண்ணாடி அளவு ஜாடி, இரண்டு நாளைக்கு இரவலாக. தபாலில் போட்டால் உடைந்துவிடும், நீயே கொண்டு வா. வியாழக்கிழமை வந்துவிடு. பொம்மை விளையாட்டு என்று நீ சொன்னதை நான் மறந்துவிட்டேன். வந்து என்னை நாலு திட்டுத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அவள் கையில் மட்டும் உன் கையால் அதைக் கொடுத்துவிடு. உனக்கு டம்ளர் தளும்ப டீ போட்டுத் தருகிறேன். நீ நூறு வயது இருக்க வேண்டும்.

நான் எழுதுவதை எல்லாம் இப்போது அவள் படிக்கிறாள். இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்துத்தான் உறையில் போடப் போகிறேன்.

உன் வரவை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்,
தங்கை.

பெரியம்மாவுக்கு,
அம்மா எழுதியதை முழுக்கப் படித்தேன். மூடியால் மூன்று தடவை எண்ணினேன் என்று போட்டிருக்கிறாள். நாலு தடவை. நாலாவது தடவை அம்மாவும் என்னோடு சேர்ந்து எண்ணினாள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது.