சுருட்டை முடியை வெட்டவில்லை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். பாப்பாவின் சுருட்டை முடியோடு மல்லுக்கட்ட முடியாவிட்டால் ஒட்ட வெட்டிவிடுங்கள் என்று போனில் சொன்னாய், நான் வெட்டவில்லை. மருமகள் கண்ணை மூடிய புதிதில் அந்தத் தலையோடு நாய் படாத பாடு பட்டது உண்மைதான். காய்ந்த முடியில் உச்சியிலிருந்து சீப்பை இழுத்தேன், சீப்பின் பல் உடைந்தது, அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். நனைச்சிட்டு நுனியிலேருந்துதான் அம்மா சிக்கெடுப்பாங்க தாத்தா என்று அழுதுகொண்டே அவள்தான் சொன்னாள். ஆயுசெல்லாம் நூல் சிக்கெடுத்த தையல்காரனுக்கு அது தோன்றவில்லை பார். இப்போது செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கி, கொழகொழவென்று வரும் சாற்றை வடிகட்டித் தேய்க்கிறேன். முதலில் முரட்டுத் துணியில் வடிகட்டித் தொலைத்தேன், தலையெல்லாம் இலைத்தூள், கடையில் மிஞ்சிய லைனிங் துணிதான் கடைசியில் கைகொடுத்தது. சாறு ஊறியதும் விரலாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தால் சிக்கு தானாக விட்டுக்கொடுக்கிறது, பிள்ளையும் கத்துவதில்லை. தலையணைக்கு வழுவழுப்பான சாட்டின் உறை தைத்துப் போட்டிருக்கிறேன், அதில் படுத்தால் முடி அவ்வளவாகச் சிக்காது.

இப்போது அந்த முடி அப்படியே மருமகளின் முடிதான். பின்னாலிருந்து பார்த்தால் எனக்கே மருமகள்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றுகிறது, உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியாதா எனக்கு. அதனால்தான் வீடியோவில் அவள் முகம் காட்டியதும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லையப்பா, உன் அம்மாவை அனுப்பிவிட்டு நின்றவன்தான் நானும். ஆனால் நேற்று, சாறு தேய்க்க வா என்று கூப்பிட்டால், என் கத்திரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். முடியை வெட்டிட்டா அப்பா என்னைப் பாப்பாரா தாத்தா என்று கேட்கிறாள். கத்திரிக்கோலை வாங்கிவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

மனம் தேறி, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை தலைகுளித்துவிட்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள், கூப்பிடு. அழுகை வந்தால் அவள் பார்க்கவே அழு, போனை மட்டும் வைத்துவிடாதே.

உன் அப்பா