அனுப்பியவரும் பெறுநரும் ஒருவரே

அக்டோபர் 7, செவ்வாய்

பழைய லேப்டாப்பின் மூடி இன்று முழுசாகவே கழன்று வந்துவிட்டது. ரெய்னோ அசரவில்லை. கராஜிலிருந்து வெள்ளி டேப்பைக் கொண்டுவந்து சுற்றினான். "இப்பப் பாரு, கல்லு மாதிரி நிக்குது." நிற்கிறது, சரி. மூடத்தான் முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் வராதாம். புதுசு வாங்கியே தீரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். "பத்து வருஷம்தானே ஆகுது" என்கிறான். இந்த மனுஷனின் பனி பூட்ஸ் என் முதல் கல்யாணத்தைவிட அதிக நாள் உழைத்திருக்கிறது.

அக்டோபர் 11, சனி

வாங்கியாயிற்று. திங்கட்கிழமை வரும் தாங்க்ஸ்கிவிங் பண்டிகைத் தள்ளுபடியில். பழையதை அணைத்து அலமாரியில் வைத்தேன்.

பெட்டியைப் பிரித்ததும் ஆரம்பித்தது கேள்வி மேல் கேள்வி. எந்த உலாவி? படங்களை எங்கே சேமிக்க? எழுதுவதற்கு மாதச் சந்தா கட்டும் மென்பொருளா, இலவசமா? பனித்தளத்தில் கல் வழுக்கி விளையாடும் கர்லிங் கிளப்பின் கூட்டக் குறிப்பு எழுதுகிறவளுக்குச் சந்தா எதற்கு? இலவசமே போதும். கடவுச்சொற்களைக் காக்க ஒரு செயலி வேண்டும் என்றதும் ரெய்னோ சமையல் குறிப்புப் பெட்டியைத் தூக்கிவந்தான். அய்லி, அவனுடைய முதல் மனைவி, எல்லாக் கடவுச்சொல்லையும் சமையல் அட்டைகளில் எழுதி அகரவரிசையில் அடுக்கியிருக்கிறாள். வங்கி, வாழைப்பழ ரொட்டிக்குப் பக்கத்தில். நர்ஸாக இருந்தவள், எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது.

கடைசியில் கேட்டது: உங்கள் மின்னஞ்சல் முகவரி?

"பழையதே போடு" என்றான். ரெய்னோ-அய்லி. எங்கள் வயசுக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான், புருஷன் பெண்டாட்டிக்குச் சேர்த்து ஒரே முகவரி. அய்லி போய் ஆறு வருஷமாகிறது. எங்கள் கல்யாண அழைப்பே அந்த முகவரியிலிருந்துதான் போனது!

"ரெய்னோ, உனக்குன்னு புதுசா ஒண்ணு வச்சுக்கலாமே?"

"தபால் பெட்டிதானே மார்லீன்? அதுல இருக்கற பேரை யாரு பாக்கறா?"

நான் பார்க்கிறேன். தினமும் பார்க்கிறேன். வாயைத் திறந்து சொல்லவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பண்டிகை விருந்து. வான்கோழி, சுட்ட பூசணி இனிப்பு, பதினோரு பேர். எழுதத் தெம்பில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ரெய்னோ ஏரிக்கரைக் குடிலுக்குப் போயிருக்கிறான். உறைபனி வருமுன் குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டுக் குடிலைப் பூட்டவேண்டும். "லெட்டரெல்லாம் நீயே புதுசுல கொண்டுவந்துடு, எனக்கு அது கைவராது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எல்லாம் இறங்கியது. பதினெட்டு வருஷக் குப்பை. படகுக் கடை விளம்பரம் மட்டுமே எழுநூறு. அழித்தேன். அப்புறம் ஒரு பெரிய கூட்டம் வந்தது: அனுப்பியவர் ரெய்னோ-அய்லி, பெறுநரும் ரெய்னோ-அய்லி. தலைப்பு கிடையாது. ஒன்றைத் திறந்து பார்த்தேன். "பால் தீர்ந்துவிட்டது. நாய்க்குச் சாப்பாடு போட்டாச்சு." யாரோ தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட கடைப் பட்டியல். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

உண்மையைச் சொல்வதென்றால், அந்தப் பெயர் வரிசை வரிசையாக மறைவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

ரெய்னோ மதியம் வந்தான். வந்ததுமே பழைய லேப்டாப்பை அலமாரியிலிருந்து எடுத்துக் காரில் வைத்துவிட்டான், சனிக்கிழமை மறுசுழற்சி மையத்தில் போட. சூப் குடித்துக்கொண்டே கேட்டான்: "அய்லியோட சீட்டெல்லாம் வந்துடுச்சா?"

"என்ன சீட்டு?"

"எனக்கு மில்லுல ராத்திரி ஷிப்டு, அவளுக்கு ஆஸ்பத்திரில பகல். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதே ஞாயித்துக்கிழமைதான். அதனால எங்க பெட்டிக்கே எழுதிப் போட்டுக்குவோம். அவ போட்டதை நான் வந்து படிப்பேன், நான் போட்டதை அவ படிப்பா."

அகப்பை என் கையில் அப்படியே நின்றது.

"இன்னும் இறங்கிக்கிட்டிருக்கு" என்றேன்.

பொய். பச்சைப் பொய். அவன் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சூப் கேட்டான். ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்! பன்னெண்டு வருஷம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டது அத்தனையும்... பாவி. நான் ஒரு பாவி.

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் ரெய்னோ விறகு பிளக்கப் போனதும் வினிபெக்கில் இருக்கிற கிர்ஸ்டிக்குப் போன் போட்டேன். அவன் மகள். என்னிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள், வங்கிக்காரியிடம் பேசுவதுபோல. ஒன்று விடாமல் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன்.

"மார்லீன், பழைய லேப்டாப் எங்க?"

"உங்கப்பா கார்ல."

"நீங்க அழிச்சதுக்கு அப்புறம் அதை யாராவது ஆன் பண்ணீங்களா?"

"இல்ல. சனிக்கிழமையிலேர்ந்து அணைஞ்சேதான் கிடக்கு."

"அப்ப அதுல இருக்கும். ஆனா அவசரப்பட்டு ஆன் பண்ணிடாதீங்க! இன்டர்நெட் கிடைச்ச நிமிஷமே அதுலயும் அழிஞ்சிடும். முதல்ல மோடத்தைப் பிடுங்குங்க."

மோடத்தின் வயரைப் பிடுங்கினேன். வெறும் காலுறையோடு காருக்கு ஓடினேன். கிர்ஸ்டி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அழுத்தினேன். இருந்தன. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறும் இருந்தன. பென் டிரைவில் ஒரு படி, அப்புறம் இன்னொரு பென் டிரைவில் ஒரு படி. கடைசிக் கடிதம் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது, யாரும் படிக்காதது. நான் தொடவில்லை.

"மார்லீன்... என்னைப் பத்தி அம்மா ஏதாவது எழுதியிருக்காங்களா? ஒண்ணே ஒண்ணு படிங்களேன்."

தேடிப் படித்தேன். "கிர்ஸ்டிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. தெர்மாமீட்டரை நம்பாதே, நெற்றியைத் தொட்டுப் பார்."

அவளும் அழுதாள், நானும் அழுதேன். வைக்கும்போது, "அப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

அக்டோபர் 18, சனி

சௌனாவில், நீராவிக் குளியல் அறையில் வைத்துச் சொன்னேன். அங்கே யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்பது ரெய்னோ வீட்டு வழக்கம். அதற்காகத்தான் அந்த இடத்தைப் பிடித்தேன், கோழை. அழித்தது, பொய், அந்தப் பெயர் மறைந்தபோது சந்தோஷப்பட்டது, திரும்பக் கிடைத்தது, எல்லாம்.

அவன் சூடான கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினான். ஆவி எழுந்து அடங்கியது.

"என் சூப்பை ஊத்திக்கிட்டே பொய் சொல்லியிருக்க."

"ஆமா."

"அந்தப் பேரு உன்னை இவ்வளவு உறுத்துதுன்னு ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

"கேக்கல." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்குன்னு ஒரு முகவரி வச்சுக் குடு. பழசு அது பாட்டுக்கு இருக்கட்டும். இனிமே யாருக்கும் குடுக்கவேணாம்."

கோபம் இல்லாமல் இல்லை. இரவுச் சாப்பாட்டில் உப்பைக்கூட என்னிடம் கேட்காமல் எழுந்துபோய் எடுத்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

ரெய்னோவின் புது முகவரிக்கு முதல் கடிதம் வந்துவிட்டது. படகுக் கடை.

அக்டோபர் 26, ஞாயிறு

இந்த வாரம் முழுக்கக் காலைக் காபியோடு ஐந்தாறு சீட்டு படிக்கிறான். சில சமயம் தனக்குள் சிரிக்கிறான். நான் அடுப்படியிலேயே ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன்.

இன்று கூப்பிட்டான். "இங்க வா. தடிச்ச எழுத்துல ஒண்ணு இருக்கே, பாத்தியா?"

"பாத்தேன். திறக்கல."

"அவ கடைசியா படுத்திருந்தப்ப ஆஸ்பத்திரிலேர்ந்து போன்ல அனுப்பினது. அடக்கம் முடிஞ்சு மூணாம் நாள்தான் என் கண்ணுல பட்டுச்சு. திறந்துட்டா, அவ என்கிட்ட சொல்லவேண்டியது அதோட தீந்துபோயிடும்ல?"

எழுந்திருக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான். "போகாத. இங்கயே உக்காரு."

திறந்தான். வாய்விட்டுப் படித்தான். "நாளைக்கு வரும்போது என் பச்சை ஸ்வெட்டரைக் கொண்டு வா. இங்கே குளிர்கிறது. ரோட்டில் ஐஸ், மெதுவாக ஓட்டு."

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"கொண்டுபோகலையே, மார்லீன். மறுநாள் நான் போனப்ப அவளுக்கு நினைவே இல்ல. ஸ்வெட்டரைக் கொண்டுபோகலையே."

இப்படி அவன் அழுது நான் பார்த்ததில்லை. என்ன சொல்லித் தேற்றுவது? அய்லி இருந்தால் என்ன சொல்வாளோ, எனக்கெப்படித் தெரியும்? தோளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனியா?"

மூக்கை உறிஞ்சியபடி யோசித்தான். "நாப்பதுலதான் போனேன். பின்னாடி வந்தவன் வழி பூரா ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான்."

"அப்ப அவ சொன்னதுல பாதி கேட்டிருக்க. நான் சொன்னா அதுகூட கேக்கறதில்ல."

அழுதுகொண்டே சிரித்துவிட்டான். என் கையை விடவில்லை. காபி ஆறிப்போயிற்று, இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.