நாற்பத்தொன்றாவது புத்தகம்

புரட்டாசி 22, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, வருவேன் வருவேன் என்ற மிரட்டல் மட்டும். மேலத்தெரு வயலில் நாளைக்கு நடவு. உரக்கடையில் கொடுத்த டைரி சும்மாக் கிடக்கிறது, எழுதிப் பார்க்கிறேன். ஐந்தாவது வரை படித்த கை, மெதுவாகத்தான் போகும்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகம் வாங்கப் போகிறார்களாம். பாதி கதை, பாதி உண்மை விஷயம். பெற்றோர் பக்கம் நான் உட்கார்ந்து பொறுக்கி எடுக்க வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் பட்டியல் போகாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஏன் நான்? பள்ளிக்கூடப் பெற்றோர் குழுவில் பிளஸ் டூ படித்தவர்களே இரண்டு பேர். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று பெரிய டீச்சர் நினைத்திருப்பார். (இனி பெ.டீ. கை வலிக்கிறது.)

யாழினியிடம் சொன்னேன். நாலாவது படிக்கிற என் சின்னது.

"நீ புக்கு எடுக்கப் போறியாம்மா? பஸ் போர்டையே மூணு நிமிஷம் படிப்ப, பஸ்ஸே போயிடும்."

வாய் அப்படியே என் வாய்.

வாங்க வேண்டியது: தேங்காயெண்ணெய், ரிப்பன், கொசுவர்த்தி.

புரட்டாசி 23, செவ்வாய்

நடவு முடிந்து, கால் சேறு காயாமல் பள்ளிக்கூடம். தஞ்சாவூரிலிருந்து ஒருவர் பெட்டி நிறையப் புத்தகத்தோடு வந்திருந்தார். பேச்செல்லாம் தேன். அப்போதே எனக்குச் சந்தேகம்.

நெல்லைப் பற்றி ஒன்று காட்டினார். வழவழத் தாள், நல்ல வாசனை. படத்தில் நாலு பெண்கள் நடவு நடுகிறார்கள். பார்த்தேன். திரும்பப் பார்த்தேன்.

"இவங்க எந்த ஊருங்க?"

"படந்தானேம்மா. சும்மா வரைஞ்சது."

"நட்ட நாத்து முன்னாடி நிக்குது, இவங்க அதுமேலயே நடந்து வர்றாங்களே. நாங்க பின்னாலதாங்க போவோம். இவங்கள வயல்ல எறக்குனா சாயங்காலம் ஒரு நாத்து மிஞ்சாது."

பெட்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெ.டீ. வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

அடுத்து, யானை மூக்குக்கண்ணாடி போட்ட கதை. அதை எடுத்து வைத்தேன்.

"இது மட்டும் சரியாம்மா?" என்றார்.

"அது கதை. யானை கண்ணாடியும் போடும், கடையும் வைக்கும். உண்மைன்னு அட்டையில போட்டுட்டு நடவுக்காரிய முன்னால நடக்க விட்டா, அப்புறம் அதுல எதைங்க நம்புறது?"

இருபது புத்தகம் தேறியது. திரும்பும்போதுதான் கண்ணில் பட்டது, கண்ணாடி பீரோ. முன்னே வாங்கிய புத்தகங்கள். கண்ணாடியில் மூக்கை வைத்து எண்ணினேன். நாற்பது. ஒன்றிலும் ஒரு மடிப்பு இல்லை. வெளியே திண்டுக்கல் பூட்டு.

ஆக இதுதான் சங்கதி. ஆபீசர் வந்தால் காட்ட. புதுசும் இதற்குள்தான் போகும்.

கையெழுத்து கிடையாது.

புரட்டாசி 24, புதன்

வெயில். இடுப்பு வலி. புரட்டாசி எப்போது முடியும், மீன் குழம்பு நினைப்பாகவே இருக்கிறது.

பெ.டீ. பூதலூர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பிடித்துக்கொண்டேன்.

"பீரோவத் தொறந்து விட்டாத்தான் டீச்சர் கையெழுத்து."

"ஆசையா எனக்குப் பூட்ட? மொத்தம் நாப்பத்தொண்ணு இருந்துச்சு அமுதா. ஒரு பிள்ளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போச்சு, வரவே இல்ல. வந்த ஆபீசர் எண்ணிப் பாத்துட்டு என்கிட்ட விளக்கம் எழுதி வாங்குனாரு. அன்னைக்குப் போட்ட பூட்டு."

"எந்த வீட்டுப் பிள்ளை?"

"பழைய கதை, விடுங்க."

விடுவேனா? வயலில் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே நட்டேன். கூட நடுகிற ராணிமேல்தான் சந்தேகம். அவள் பையன் எதை எடுத்தாலும் திருப்பித் தர மாட்டான்.

"ஏண்டி, ஒங்க வீட்ல பள்ளிக்கூடத்துப் புக்கு ஏதாச்சும் இருக்கா?"

"எங்க வீட்லயா? வடை சுத்துன பேப்பர் இருக்கு, வந்து படிக்கிறியாக்கா?"

சிரித்த சிரிப்பில் ஆள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். திருடியவள் இப்படிச் சிரிக்க மாட்டாள். ஒருவேளை சிரிப்பாளோ?

பெ.டீ. பேர் சொல்லாதது உறுத்துகிறது. பிள்ளையே கிடையாதோ என்னவோ.

புரட்டாசி 25, வியாழன்

தூறல். எழுதவே கூச்சம்.

புத்தகம் கொடுத்த பழைய பதிவேட்டைக் கேட்டேன். பெ.டீ. "வேணாமே" என்றார். வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். தவளைக் கதை. சு. கார்த்தி, ஐந்தாம் வகுப்பு. பெற்றோர் கையெழுத்து: கோணல் மாணலாக, அ-வுக்கு வால் நீளமாக.

என் கையெழுத்து.

கார்த்தி என் பெரியவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின பக்கம் அது. இப்போது சிங்கப்பூரில் வெல்டிங் வேலை. பெ.டீ. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஊரில் ஒவ்வொரு வீடாகச் சந்தேகப்பட்டேன்.

சாயங்காலம் அவன் போனில் வந்ததும் பிடித்தேன். "தவளை புக்க என்னடா பண்ணுன?"

"நான் எங்க பண்ணுனேன்? கிழிச்சிடுவ, கறை பண்ணிடுவ, டீச்சர் திட்டுவாங்கன்னு நீதானம்மா புடுங்கி டிரங்குப் பெட்டியில வச்ச. கேட்டு அழுதேன், முதுகுல ரெண்டு குடுத்த." அப்புறம் அவனே கேட்டான். "வைக்கோல் லாரியில ஏறிப் போச்சே அந்தத் தவளை, அது ஊருக்குத் திரும்பிச்சாம்மா? நான் பாதிதான் படிச்சேன்."

பெட்டியைத் திறந்தேன். அடியில், கூறைப்புடவைக்கும் கீழே, மஞ்சள் பையில் சுற்றி, அந்துருண்டையோடு. புத்தம் புதுசு. பீரோவைவிட நன்றாகப் பூட்டியிருக்கிறேன்.

புரட்டாசி 26, வெள்ளி

வெளுத்து வாங்கியது மழை. புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். பெ.டீ. வாங்கினார், முகர்ந்தார், தும்மினார்.

"நல்லாத்தான் பாதுகாத்திருக்கீங்க அமுதா."

"நீங்களுந்தான் டீச்சர்."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு. எனக்குக் கண்ணிலும் கொஞ்சம்.

பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். அ-வுக்கு அதே வால். பூட்டைக் கழற்றினோம். பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில், சுவரோரம் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டோம். கிழிந்தால் ஒட்டுவது என் வேலை என்று சொல்லியிருக்கிறேன். முதல் ஆளாகத் தவளையை எடுத்தது யாழினி. இந்தத் தடவையும் பெற்றோர் கையெழுத்து நான்தான்.

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறாள். போனை எதிரே சாய்த்து வைத்திருக்கிறாள், அதில் கார்த்தி. கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கிறாள். நான் அடுப்படியில் கை ஓடாமல் நிற்கிறேன்.

புளிச்சாதக் கையோடு பக்கத்தைத் திருப்பிவிட்டாள். தவளையின் வயிற்றில் ஒரு விரல் கறை.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை.