எழுப்பிவிட்ட மான்

பலெர்மோ
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் கிருசாந்தினிக்கு அப்பா சொல்லி எழுதுவிப்பது. என் முழங்காலையும் காதையும் விட்டால் இங்கே எல்லோரும் சுகம், தம்பி யசிந்தன் வேலைக்குப் போய்விட்டான், அங்கே நீயும் மருமகனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். நீ அழுதழுது அனுப்பிய குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை பிள்ளை. மேல்மாடி றோஸ்மேரி இறங்கி வந்து கேட்டு, என் காதுக்குள் உரக்கத் திருப்பிச் சொன்னாள். இப்போது நான் பேச்சில் சொல்வதை அவள்தான் எழுத்துத் தமிழாக்கி எழுதுகிறாள், முடிந்ததும் படம் பிடித்து அனுப்புவாள். போனில் கதைத்தால் நீ சொல்வது எனக்கு விளங்காது, நான் சொல்வது உன் அழுகைக்குள் ஏறாது, அதனால்தான் கடிதம். கனடாவில் இன்னும் விடியவில்லை என்கிறாள். எழும்பியதும் முதலில் இதை வாசி.

சொல்ல வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று உன் அம்பு பட்ட அந்த மான் தூரம் போயிருக்காது, நீ இன்று விடியப் போய் அதைத் தேட வேண்டும். மருமகன் "குளிருக்குள்ளை போகவேண்டாம், அது எங்கையாவது செத்திருக்கும், விடும்" என்றாராம். நீ வில்லை யாருக்காவது கொடுத்துவிட்டு இனிக் காட்டுப் பக்கமே போவதில்லை என்றாயாம். வில்லைக் கொடுப்பதை ஆறுதலாக யோசிக்கலாம். உன் அம்பு பட்ட மான் இன்னும் மூச்சோடு கிடக்கலாம், அதை விட்டுவிட்டு உன்னால் வீட்டில் இருக்க முடியாது, எனக்கு உன்னைத் தெரியும்.

நான் லிபெர்த்தா வீதியில் என் முதலாளி சிஞ்ஞோர் கலோஜெரோ வீட்டில் வேலை செய்த காலம் உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு ஒக்டோபரும் அவர் காரைக் கப்பலில் ஏற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு லிவோர்னோவில் இறங்கி, தொஸ்கானாக் காட்டுக்குப் போவார். அவருக்கு வில், எனக்கு அடுப்பும் பையும். வர வர அம்பு பட்ட மானின் இரத்தம் பார்த்துப் பின்னால் போவதும் என் வேலையாகிவிட்டது. இப்போது நினைத்தால் அந்தக் கப்பல்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. மேல்தட்டில் நின்று பலெர்மோ மலை சின்னதாகிச் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டு, வெங்காயமும் நெத்தலியும் போட்ட ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து எனக்கு நீட்டுவார். வீட்டில் மேசையில் சேர்ந்து சாப்பிட்டதில்லை, கப்பலில் ஏறினால் அந்த வித்தியாசம் கடலில் விழுந்துவிடும். இங்கே றோஸ்மேரி பேனையை வைத்துவிட்டு, "அப்பு, பிள்ளை எழும்ப முதல் இது போகவேணும், கப்பல் சாப்பாட்டை விட்டிட்டு மானுக்கு வாங்கோ" என்கிறாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

முதல் முறை நான் பார்த்தது ஒரு பெண்மான். அம்பு ஒரு பக்கத்தால் போய் மற்றப் பக்கத்தால் வந்து மண்ணில் குத்தி நின்றது. அது குளவி கொட்டியதுபோல ஒரு துள்ளுத் துள்ளியது, நாலடி ஓடி நின்று திரும்பிப் பார்த்தது, பிறகு தலையைக் குனிந்து புல்லைக் கடித்தது. தவறிவிட்டது என்று நான் வாயைத் திறக்க, சிஞ்ஞோர் தன் கையால் என் வாயைப் பொத்தி "அஸ்பெத்தா", பொறு, என்றார். புல் வாயில் இருக்கவே அதன் பின்னங்கால்கள் ஆட்டம் கண்டன, வால் விசுக் விசுக்கென்று அடித்தது, ஆடு படுப்பதுபோல மடிந்து படுத்துத் தலையை மண்ணில் வைத்தது. துவக்குச் சூடென்றால் சத்தத்துக்கே வெருண்டு ஓடும். அம்புக்குச் சத்தம் இல்லை பிள்ளை, தனக்கு என்ன நடந்தது என்று மானுக்குத் தெரியாது. எதிரியைக் காணாவிட்டால் ஓடவேண்டும் என்ற எண்ணமே அதற்கு வருவதில்லை. நேரே இதயத்தில் பட்டது வேறுமாதிரி, பின்னங்கால் இரண்டையும் உதறி, வயிறு நிலத்தில் உரச ஓடி, மரத்தில் முட்டி, பார்த்துக்கொண்டிருக்கவே விழுந்துவிடும். அதைத் தேடவே தேவையில்லை.

உன்னுடைய மான் அப்படி ஓடவில்லை. பட்டதும் முதுகைக் கூனிக்கொண்டு நடந்தது என்கிறாய், கொஞ்சத் தூரத்தில் ஒரு மரத்தின் கீழ் படுத்தது என்கிறாய், அம்பில் கெட்ட மணம் இருந்தது, இரத்தம் கறுப்புச் சிவப்பு, நுரை இல்லை. றோஸ்மேரி "பிழைச்சிருக்கும் எண்டு எழுதுவம் அப்பு, பிள்ளைக்கு ஆறுதலாய் இருக்கும்" என்றாள். நான் விடவில்லை. கூனி நடந்தால் அம்பு வயிற்றில், ஈரலும் சேர்ந்து பட்டிருக்கலாம். அது பிழைக்காது. ஆனால் அப்படிப் பட்டது சும்மா விட்டால் படுத்த இடத்தை விட்டு எழும்பாது. நீ தண்ணீர்ப் போத்தலோடு ஓடினாய். அது உன்னைக் கண்டு எழும்பி நாணல் சதுப்புக்குள் போய்விட்டது.

அந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாக்கை நனைக்காமல் ஒரு உயிரையும் விடக்கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தவள். சிஞ்ஞோரின் தாயை அவள்தான் பார்த்தாள், கிழவி போகிற அன்று பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள், பாதிரியார் வந்தும் விலகவில்லை. அம்மாவுக்கு அதைச் செய்ய நீ வந்து சேரவில்லை என்று உனக்குள் கிடக்கிறது. அம்மா நித்திரையில் போனவள். பக்கத்தில் படுத்திருந்த எனக்கே காலையில் கீழே கபோச் சந்தைக்காரர் கூவத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. அங்கே யாரும் பிந்தவில்லை, நீயும் பிந்தவில்லை. நேற்று மானிடம் நீ செய்த பிழை முந்தினதுதான்.

இனிக் கவனமாகக் கேள். எழுப்பிவிட்ட மான் மறுபடி படுக்கும், இம்முறை கொஞ்சம் தள்ளி, பள்ளத்தில், தண்ணீருக்குக் கிட்ட. வயிறு எரியும், அதற்குத் தண்ணீர் வேண்டும். வந்த வழியைப் பார்த்தபடிதான் படுக்கும், யாராவது பின்னால் வருகிறார்களா என்று. ஆகையால் இரத்தத்தின் மேலேயே நேராகப் போகாதே. கடைசியாகக் கண்ட சொட்டில் ஏதாவது துணியைக் கட்டிவிட்டு, காற்று உன் முகத்தில் அடிக்கும் பக்கமாகச் சுற்றிவந்து, சதுப்பின் ஓரத்தைப் பார். மடிந்த நாணல், உறைபனி உதிர்ந்த புல், காகம் இறங்குகிற இடம். சிஞ்ஞோரின் கூட்டாளி ஒருவர், பெரிய அவ்வொக்காத்தோ, சட்டம் படித்தவர், பொறுக்கமாட்டாமல் அதே மாதிரி ஒன்றைத் துரத்தோ துரத்தென்று துரத்தினார். அது இரண்டு மேடு ஏறி இறங்கி ஆற்றையும் கடந்துவிட்டது. சிஞ்ஞோர் அவரைப் பார்த்து, "வக்கீல் ஐயா, மான் உங்கள் கட்சிக்காரன் இல்லை, கூப்பிட்டால் வர" என்றார், நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவர் அன்று இரவு எங்களோடு சாப்பிடவில்லை. இப்போது சிஞ்ஞோர் கட்டிலில், என்னையும் யாரென்று மட்டுக்கட்டுவதில்லை. ஞாயிறுகளில் போய் முகம் வழித்துவிடுகிறேன். சவரக்கத்தி கழுத்துக்கு வரும்போது மட்டும் "பியானோ, பியானோ" என்பார், மெதுவாக, மெதுவாக. காட்டில் மானின் அடி பார்த்துப் போகும்போது அவர் எனக்குச் சொன்னதும் அதே சொல்தான். காடு இன்னும் அவருக்குள் எங்கேயோ இருக்கிறது.

மருமகனைக் கூட்டிக்கொண்டு போ, தனியே போகாதே, ஆனால் அவரைப் பின்னால் நிற்கச் சொல். அவர் நல்ல மனிதர், உன்மேல் உள்ள பரிவில்தான் விடச் சொன்னார், அதற்காக அவரோடு கோபிக்காதே. மானைக் கண்டால் முன்னால் போகாதே, முதுகுப் பக்கமாக வா. காது ஆடுகிறதா பார். கண் திறந்திருந்தால் செத்துவிட்டது என்று அர்த்தம், மூடியிருந்தால் உயிர் இருக்கலாம், பலருக்கு இது தலைகீழாகப் படும். நீளத் தடியால் கண்ணைத் தொடு. சிமிட்டாவிட்டால் முடிந்தது. தலையைத் தூக்கினாலும் சிமிட்டினாலும் பின்னால் வந்து, ஆறுதலாக நின்று, முன்னங்காலுக்குப் பின்னால் இன்னொரு அம்பு விடு. அப்போது அழாதே, கை ஆடும். முகத்தைத் திருப்பாதே. மருமகனிடம் வில்லைக் கொடுக்காதே. நீ தொடங்கியது, நீயே முடி. அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

முருகன் உன் கையை உறுதியாக வைத்திருக்கட்டும், நீயும் மருமகனும் நீடூழி வாழ வேண்டும். போக முன்னம் சூடாக ஏதாவது குடி, காலுறை இரண்டு போடு, செம்மஞ்சள் சட்டையை மறக்காதே, மற்ற வேட்டைக்காரர் கண்ணுக்கு நீ மானாகத் தெரியக்கூடாது. றோஸ்மேரி உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள், தனக்குக் கை உளைகிறது என்றும் சொல்லச் சொன்னாள். கிடைத்தால் கிடைத்தது என்று அனுப்பு. கிடைக்காவிட்டால், எதுவரை தேடினாய் என்று அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா சிவபாலன்
(சொன்ன வாய் என்னுடையது, எழுதிய கை றோஸ்மேரியுடையது)